ஓப்ராவைப் பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள்

சென்ற இதழில் இந்தப் பகுதியில், ஒரே நிகழ்ச்சியை 25 ஆண்டுகள் நடத்திய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரியைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். எதிரில் அமர்ந்திருப்பவர் தம் சொல்லைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பதே பேட்டி எடுப்பவரின் முதல் வேலை என்பதற்கு அவரை எடுத்துக்காட்டாகக் காட்டியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நீலகிரி மாவட்டத்திலிருந்து எழுதிய வாசகர்கள் அவருடைய வாழ்க்கையைப் பற்றி விரிவாகக் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவருக்கே ஒதுக்குகிறேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டார்கள். ஆகவே எல்லோரையும் ஊர்ப்பெயரால் மட்டும் குறிக்கிறேன்.

கட்டபெட்டு வாசகி: அம்மா, ஓப்ரா என்பது எந்த மொழிப் பெயர்? அவர் பாட்டியிடம் வளர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். நானும் என் அம்மாயியிடம் வளர்ந்தவள் என்பதால், அவருடைய இளமைக்காலத்தைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

விவிலியத்தில் ரூத்தின் கதையைப் படித்திருந்தால், நகோமியின் இரண்டு மருமகள்களில் ஒருத்தியின் பெயர் ஒர்பாள் என்பது நினைவுக்கு வரும். அந்தப் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்தார்கள். ஊரார் வாயில் எழுத்துகள் இடம் மாறி அது ஓப்ரா என்றாகி, அப்படியே நிலைத்துவிட்டது.

அவர் 1954ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் கோசியஸ்கோ என்னும் சிற்றூரில், திருமணமாகாத ஓர் இளம்பெண்ணுக்குப் பிறந்தார். தாய் வேலை தேடி வடக்கே போனதால், ஆறு வயது வரை பாட்டி ஹேட்டி மே லீயின் சிறு பண்ணையில் வளர்ந்தார். உருளைக்கிழங்குச் சாக்கில் தைத்த உடுப்பைப் போட்டுக்கொண்டு திரிந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஊட்டி உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு அந்தச் சாக்கின் சொரசொரப்பு எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டி மூன்று வயதுக்குள் பேத்திக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். தேவாலயத்தில் வசனங்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் சிறுமியின் திறமையை அங்கு வந்த பெண்கள் பாட்டியிடம் மெச்சிப் பேசுவார்களாம். மேடை அங்கேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஆறு வயதுக்குப் பிறகு, மில்வாக்கி நகரில் வீட்டு வேலை செய்துவந்த தாயிடம் போனார். அங்கே நடந்தவற்றைப் பற்றிக் கூடலூர் ஆசிரியையின் கேள்விக்குரிய பதிலில் எழுதியிருக்கிறேன். 14 வயதில் அவரை நாஷ்வில் நகரில் முடிதிருத்தும் கடை வைத்திருந்த தந்தை வெர்னன் வின்ஃப்ரியிடம் அனுப்பினார்கள். அந்த வீட்டில் வாரம் ஒரு புத்தகம் படித்து, படித்ததைப் பற்றி எழுதியும் காட்ட வேண்டும் என்பது விதி. 17 வயதில், நகரத் தீத்தடுப்பு விழிப்புணர்வுக்காக நடந்த ஓர் அழகுப் போட்டியில் வென்று, பரிசை வாங்க உள்ளூர் வானொலி நிலையத்துக்குப் போனபோது, விளையாட்டாக ஒரு செய்தியை வாசித்துப் பார்க்கச் சொன்னார்கள். வாசித்ததைக் கேட்டவர்கள் வேலையே கொடுத்துவிட்டார்கள். பேச்சுப் போட்டியில் வென்ற உதவித்தொகையில்தான் கல்லூரிக்கும் போனார்.

உங்கள் அம்மாயி உங்களுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார் என்று ஒருமுறை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். பெற்றோர் விடிகாலையில் கொழுந்து பறிக்கப் போய்விடும் வீடுகளில், பிள்ளைகளின் மொழியை உருவாக்குகிறவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்தான்.

கோத்தகிரி வாசகர்: நான் வீட்டில் படுகர்களின் மொழியான படுகு பேசுபவன். செய்தி வாசிப்பாளர் வேலைக்கு நடந்த குரல் தேர்வில், என் தமிழில் மலை வாடை அடிக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓப்ராவும் செய்தி வாசிப்பில் தோற்றவர் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான் தம்பி. அவருடைய வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கும் பகுதியும் அதுதான்.

நாஷ்வில் தொலைக்காட்சியில் இளம் வயதிலேயே செய்தி வாசித்துப் பெயர் பெற்ற அவரை, 1976இல் பால்டிமோர் நகரத்து நிலையம் ஒன்று மாலை ஆறு மணிச் செய்திக்கு இணை வாசிப்பாளராக அழைத்துக்கொண்டது. அப்போது அவருக்கு 22 வயது. பக்கத்து நாற்காலியில் அமர்ந்தவரோ பல ஆண்டு அனுபவம் உள்ளவர். அடுத்த ஆண்டே ஓப்ராவை அந்த நாற்காலியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெயரை மாற்றிக்கொள் என்றார்கள், அவர் மறுத்தார். தோற்றத்தை மாற்ற ஒரு பெரிய நகரத்து அலங்கார நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே போட்ட மருந்தில் தலைமுடியே கொட்டிப்போயிற்று.

செய்தியாளராக வெளியே அனுப்பியபோது வேறொரு சிக்கல் முளைத்தது. தீப்பிடித்து எரிந்த வீட்டின் முன்னே நின்று, உறவை இழந்தவர்களிடம் கேள்வி கேட்பதற்கு அவருக்கு மனம் வரவில்லை. கண் கலங்கினார். வீடிழந்தவர்களுக்குப் போர்வை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து, அதற்காக மேலதிகாரிகளிடம் கண்டனமும் வாங்கினார். செய்தி வாசிப்பாளருக்கு இது குறை என்பதை நான் மறுக்க மாட்டேன். செய்தி சொல்பவர் தம் துயரத்தை நடுவில் கொண்டுவந்து வைத்தால், செய்தி பின்னால் போய்விடும்.

ஒப்பந்தக் காலம் முடியாததால் நிலையத்தார் அவரை வெளியே அனுப்பவும் முடியாமல், 1978இல் ரிச்சர்ட் ஷேர் என்பவருடன் சேர்ந்து நடத்தும் ஒரு காலை நேர உரையாடல் நிகழ்ச்சியில் போட்டார்கள். ஓப்ரா அதைப் பதவி இறக்கமாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் முதல் நாள், ஓர் ஐஸ்கிரீம் வியாபாரியோடும் ஒரு தொடர் நடிகரோடும் பேசி முடித்து எழுந்தபோது, தாம் பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததுபோல் இருந்தது என்று பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார். ஆறு மணிச் செய்தியில் குறையாக இருந்த அதே இளகிய மனம், காலை நிகழ்ச்சியில் எதிரே இருந்தவரைத் தயக்கமில்லாமல் பேச வைத்தது.

1984 ஜனவரியில் சிகாகோவில், பார்வையாளர் மிகக் குறைவாக இருந்த ஓர் அரைமணி நேரக் காலை நிகழ்ச்சியை ஏற்றார். அதே நகரத்திலிருந்து ஒளிபரப்பாகிய ஃபில் டோனஹ்யூவின் நிகழ்ச்சி அப்போது உச்சத்தில் இருந்தது. 1967இல் ஒகையோ மாநிலத்து டேட்டன் நகரில் தொடங்கி, ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு பார்வையாளர் வரிசைகளுக்குள் நடந்து, அங்கிருந்த இல்லத்தரசிகளைக் கேள்வி கேட்க வைத்தவர் டோனஹ்யூ; இந்தக் கலையின் வடிவத்தையே மாற்றியவர் அவர். 2024இல் 88ஆம் வயதில் அவர் காலமானபோது நம் பத்திரிகைகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் வராதது எனக்கு வருத்தமே. அவர் திறந்த வழியில் வந்த ஓப்ரா, ஒரே மாதத்தில் சிகாகோவில் அவரை முந்தினார். 1985இல் நிகழ்ச்சி அவருடைய பெயரையே தாங்கி ஒரு மணி நேரமாக நீண்டது. 1986 செப்டம்பர் 8 முதல் நாடு முழுவதும் ஒளிபரப்பானது. 2011 மே 25 அன்று முடிவுற்றபோது 4,561 நிகழ்ச்சிகள் நிறைவடைந்திருந்தன.

உங்கள் குரல் தேர்வைப் பற்றி ஒரு சொல். உச்சரிப்பில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். லகர ளகர ழகரங்களைப் பழகிக்கொள்வது எல்லோருக்கும் உள்ள கடமை. வாடை என்று அவர்கள் சொன்னது வேறு. படுகர் ஊரான ஹட்டியில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, ஒருவர் பேசி முடிக்கும் வரை மற்றவர் பொறுத்திருந்து கேட்கும் பழக்கத்தில் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். அதைக் கழுவிவிட வேண்டாம்.

கூடலூர் வாசகி (பள்ளி ஆசிரியை): சிறுவயதில் தமக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை ஓப்ரா தொலைக்காட்சியிலேயே சொன்னாராமே. அப்படி வெளிப்படையாகச் சொல்வது சரியா? என் வகுப்பில் உள்ள பெண்பிள்ளைகளுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லலாமா என்று தயங்குகிறேன்.

உங்கள் தயக்கத்தை நான் மதிக்கிறேன், சகோதரி. அதனால் சற்று நிதானமாகவே பதில் எழுதுகிறேன்.

மில்வாக்கியில் தாய் வேலைக்குப் போயிருந்த நேரங்களில், ஒன்பது வயது முதல், உறவினர்களும் குடும்பத்துக்கு அறிமுகமானவர்களும் அந்தச் சிறுமிக்குக் கொடுமை இழைத்தார்கள். 14 வயதில் குறைமாதத்தில் ஒரு குழந்தையைப் பெற்றார். அந்தக் குழந்தை பிழைக்கவில்லை. இவற்றை அவர் யாரிடமும் சொல்லாமல் பல ஆண்டுகள் சுமந்தார். 1980களின் நடுவில், இதே கொடுமைக்கு ஆளான ஒரு பெண் தம் நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தபோது, தமக்கும் இது நேர்ந்தது என்று கண்ணீரோடு சொல்லிவிட்டார். முன்கூட்டித் திட்டமிட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. எதிரில் இருந்தவரின் துயரம் அவருடைய வாயைத் திறந்தது.

குழந்தை பெற்ற செய்தியை மட்டும் அவர் அப்போதும் சொல்லவில்லை. 1990இல் அவருடைய சகோதரியே அதை ஒரு பரபரப்புப் பத்திரிகைக்கு விற்றார். தெருவில் நடந்தால் எல்லோரும் தம்மைக் கைநீட்டிக் காட்டுவார்கள் என்று அஞ்சி ஓப்ரா படுக்கையில் கிடந்தார். ஆனால் ஒருவரும் கைநீட்டவில்லை. இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன். முதலாவதை அவரே, முப்பது வயதைத் தாண்டிய பின், தம் விருப்பத்தால் சொன்னார். இரண்டாவது அவரிடமிருந்து பறிக்கப்பட்டது.

1991இல் அவர் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். சிறுவர்களைப் பராமரிக்கும் பணிக்கு வருவோரின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க வழிசெய்யும் தேசியக் குழந்தைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1993 டிசம்பரில் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டபோது ஓப்ராவும் அருகில் இருந்தார். ஒரு தொகுப்பாளர் தம் துயரத்தைச் சொன்னதோடு நிறுத்திவிடாமல், அதைச் சட்டம் வரை கொண்டுசென்றதை நான் பெரிதும் போற்றுகிறேன்.

நம் நாட்டில் நிலைமை என்ன? பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி, குடும்பம் என எந்த அடையாளத்தையும் ஊடகம் வெளியிடுவதை அதன் 23ஆம் பிரிவு தடுக்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதை 19ஆம் பிரிவு கடமையாக்குகிறது; ஆசிரியையான உங்களுக்கும் அந்தக் கடமை உண்டு. ஆகவே பிள்ளைகளிடம் 'மேடையில் ஏறிச் சொல்லுங்கள்' என்ற பொருள் வரும்படி ஓப்ராவின் கதையைச் சொல்லாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லலாம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றி அழைக்கலாம், சொன்ன பிறகு பெயர் வெளியே வராது, தவறு ஒருபோதும் குழந்தையுடையது ஆகாது என்பவற்றைச் சொல்லுங்கள். அந்தச் சிறுமி சொல்லியிருந்தால் கேட்பதற்கு யாருமில்லை என்பதுதான் அவருடைய கதையின் கொடுமையான பகுதி. உங்கள் பள்ளியில் கேட்பதற்கு நீங்கள் இருக்கிறீர்கள்.

எடப்பள்ளி வாசகர் (கேரட் விவசாயி): தொலைக்காட்சியில் ஒருவர் வாய்தவறிச் சொன்னால் எங்கள் காய்க்கு மேட்டுப்பாளையம் மண்டியில் விலை விழுந்துவிடும். ஓப்ராவின் மீது விவசாயிகள் வழக்குப் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அது என்ன வழக்கு?

வழக்குப் போட்டவர்கள் டெக்சாஸ் மாநிலத்து மாட்டுப் பண்ணையாளர்கள். மாடுகளின் மூளையைத் தாக்கும் நோய்க்கும் மனிதர்களுக்கு வரும் ஒரு நோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று 1996 மார்ச் மாதம் பிரிட்டன் அரசு அறிவித்தது. அடுத்த மாதமே ஓப்ரா அதைப் பற்றி நிகழ்ச்சி நடத்தினார். முன்பு பண்ணை நடத்தி, பின் இறைச்சியையே கைவிட்ட ஹோவர்ட் லைமன், செத்த மாடுகளை அரைத்து மற்ற மாடுகளுக்கே தீவனமாகப் போடும் வழக்கத்தை விளக்கியபோது, இனி ஒரு பர்கரைக்கூடத் தம்மால் தின்ன முடியாது என்ற பொருளில் ஓப்ரா பேசிவிட்டார். மாட்டுச் சந்தையில் விலை சரிந்தது. உணவுப் பொருள்களை இழித்துப் பேசுவதற்கு எதிராக டெக்சாசில் அப்போதுதான் ஒரு சட்டம் வந்திருந்தது. அதையும் காட்டி, ஒரு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டார்கள்.

விசாரணை 1998இன் தொடக்கத்தில், மாட்டு வியாபாரத்தையே நம்பியிருக்கும் அமரிலோ நகரில் நடந்தது. ஓப்ரா தம் நிகழ்ச்சியையே அந்த ஊருக்குக் கொண்டுபோய், பகலில் நீதிமன்றத்திலும் மாலையில் அரங்கிலுமாக இருந்தார். பிப்ரவரி மாத இறுதியில் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அவர் வென்றது சரியென்றே நினைக்கிறேன். உணவைப் பற்றி அச்சமில்லாமல் கேள்வி கேட்கும் உரிமை வேண்டும். ஆனாலும் உங்கள் பக்க நியாயத்தை நான் தள்ளிவிடவில்லை. கேரட்டைத் தோண்டிக் கழுவி வண்டி ஏற்றிய பிறகு விலை சரிந்தால், திரும்பக் கொண்டுபோய் மண்ணில் நட முடியாது. அந்த நிகழ்ச்சியில் மாட்டுத் தொழில் சார்பில் பேச வந்தவர், தம் விளக்கத்தில் பெரும்பகுதி ஒளிபரப்புக்கு முன் வெட்டப்பட்டதாகக் குறைகூறினார். பிறகு இன்னொரு நாள் அவருக்குப் பேச வாய்ப்புக் கொடுக்கப்பட்டது. முதல் நாளே கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

உதகை வாசகி: ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியால் மக்கள் நூலகம் தேடிப் போனார்கள் என்பதை நம்ப முடியவில்லையே?

நம்பலாம். 1996 செப்டம்பரில் தம் நிகழ்ச்சியில் ஒரு புத்தக வட்டத்தைத் தொடங்கினார். அவர் ஒரு நாவலைப் பெயர் சொன்ன மாத்திரத்தில் பதிப்பாளர்கள் இலட்சக்கணக்கில் மறுபதிப்பு போட வேண்டியிருந்தது. நோபல் பரிசு பெற்ற டோனி மாரிசனின் நாவல்களை நான்கு முறை தேர்ந்தெடுத்தார். எளிதில் பிடிபடாத எழுத்து அது. 2004இல் டால்ஸ்டாயையும் கொண்டுவந்தார். வாரம் ஒரு புத்தகம் என்று தந்தை போட்ட விதியை அவர் ஒரு நாட்டுக்கே போட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பந்தலூர் வாசகர்: நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, டேன்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் குடியிருப்பில் வாழும் குடும்பம். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த என் தந்தை, இன்றைய நிகழ்ச்சிகளில் ஒருவர் முடிக்கும் முன் மற்றவர் பாய்வதையும், கணவன் மனைவி சண்டையை மேடையேற்றுவதையும் கண்டு வருந்துகிறார். ஓப்ராவின் நிகழ்ச்சி இப்படி இல்லாமல் இருந்ததா?

உங்கள் தந்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பி.எச். அப்துல் ஹமீது போன்றவர்களின் தெளிந்த உச்சரிப்பையும், கேட்பவரை மதித்துப் பேசும் பண்பையும் கேட்டுப் பழகிய காதுக்கு இன்றைய இரைச்சல் வலிக்கத்தான் செய்யும்.

ஓப்ராவின் நிகழ்ச்சியும் சில ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது நேர்மையாகாது. 1988இல் நிறவெறி பேசும் மொட்டைத் தலை இளைஞர்களை மேடையில் அமர்த்தினார். அவர்களை அம்பலப்படுத்துவதாக எண்ணித் தொடங்கியவர், தம் மேடையை அவர்கள் ஆள் சேர்க்கப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நிகழ்ச்சியின் நடுவிலேயே உணர்ந்தார். மற்றொரு முறை, மனைவிக்குத் துரோகம் செய்த ஒரு கணவர், இன்னொரு பெண் தம் குழந்தையைச் சுமக்கிறாள் என்ற செய்தியை மனைவியிடம் மேடையிலேயே முதன்முதலாகச் சொன்னார். நாடே பார்த்துக்கொண்டிருக்க அந்தப் பெண்ணின் முகம் மாறியதைக் கண்டபோது, இனி இத்தகைய அவமானத்துக்குத் தம் மேடை இடமாகக் கூடாது என்று முடிவெடுத்ததாக ஓப்ரா கூறியிருக்கிறார். 1990களின் நடுவில், போட்டி நிகழ்ச்சிகள் அடிதடியைக் காட்டிப் பார்வையாளரை இழுத்த காலத்தில், அவர் எதிர்த்திசையில் போனார். எண்ணிக்கை குறையும் என்று தெரிந்தே போனார்.

வேறு பிழைகளும் உண்டு. தன்வரலாறு என்று சொல்லி அவர் புத்தக வட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த ஒரு நூலில் பல செய்திகள் புனையப்பட்டவை என்று 2006 ஜனவரியில் தெரியவந்தது. முதலில் எழுத்தாளருக்காகப் பரிந்து பேசினார். பிறகு அவரை மேடைக்கு அழைத்து, உண்மைக்கு மதிப்பில்லை என்பதுபோல் தாம் பேசியது தவறு என்று ஒப்புக்கொண்டு, அவரைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். சில ஆண்டுகள் கழித்து, அந்தக் கடுமையில் இரக்கம் இல்லாமற்போனதற்காக அதே எழுத்தாளரிடம் மன்னிப்பும் கேட்டார். என்னால் எளிதில் ஏற்க முடியாத பிழை 2007இல் நடந்தது. தடுப்பூசியால் தம் மகனுக்கு ஆட்டிசம் வந்ததாக நம்பிய ஒரு நடிகையை, போதிய மறுப்புக்கு இடம் தராமல் பேச விட்டார். அப்படியொரு தொடர்பைக் கூறிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தாயின் துயரத்தைக் கேட்பது வேறு, மருத்துவ முடிவை அந்தத் துயரத்திடம் ஒப்படைப்பது வேறு. செவிலியர் மலையேறி வந்து குழந்தைகளுக்கு ஊசி போடும் நம் ஊர்களில் இத்தகைய பேச்சு எவ்வளவு கேடு செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும்.

நம்மிடம் நல்ல மரபு இல்லாமல் இல்லை. பட்டிமன்றத்தில் நடுவர் என்ற ஒருவர் இரு தரப்பையும் முழுமையாகக் கேட்ட பிறகே வாய் திறப்பார். விசு 'அரட்டை அரங்க'த்தில் சாதாரண மக்களின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார். சிற்றூர்ப் பிள்ளைகள் தம் குறையைக் கூச்சமில்லாமல் பேசியதை நாம் பார்த்தோம். 2006இல் தொடங்கிய 'நீயா நானா'வில் கோபிநாத் இரண்டு வரிசைகளை எதிரெதிரே அமர்த்திப் பேச வைத்தார். இவற்றில் சிறந்த நாள்கள் எவை என்று எண்ணிப் பார்த்தால், தொகுப்பாளர் குறைவாகப் பேசிய நாள்களே எனக்கு நினைவுக்கு வருகின்றன.

அரவேணு வாசகர்: ஒரு தொகுப்பாளர் எப்படி நூறு கோடி டாலருக்கு அதிபதி ஆனார்?

சம்பளத்தால் மட்டும் ஆகவில்லை. தம் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு ஹார்ப்போ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1988இல் நிகழ்ச்சியின் உரிமையும் தயாரிப்பும் அந்த நிறுவனத்தின் கைக்கு வந்தன. சிகாகோவில் படப்பிடிப்புக் கூடத்தையும் வாங்கினார். பச்சைத் தேயிலையைக் கிலோக் கணக்கில் விற்பவருக்கும் தொழிற்சாலையே வைத்திருப்பவருக்கும் உள்ள வேறுபாடுதான் இது. 2003இல் கறுப்பினப் பெண்களில் முதல் நூறு கோடி டாலர் செல்வந்தராக ஃபோர்ப்ஸ் இதழ் அவரைப் பட்டியலிட்டது. 2007இல் தென்னாப்பிரிக்காவில் ஏழை மாணவியருக்காக உறைவிடப் பள்ளி ஒன்றைத் திறந்தார்.

மஞ்சூர் வாசகி: பிளஸ் டூ படிக்கிறேன். தொகுப்பாளர் ஆக வேண்டும் என்பது ஆசை. சென்னைக்குப் போக வசதியில்லை. இங்கிருந்தபடியே எப்படித் தொடங்குவது?

மகளே, உதகையில் வானொலி நிலையம் இருக்கிறது. வானொலி நிலையங்கள் பகுதிநேர அறிவிப்பாளர்களுக்குக் குரல் தேர்வு நடத்துவது வழக்கம். அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள். அதற்கு முன், கையில் இருக்கும் கைபேசியில் உங்கள் ஊர்ப் பெரியவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்து பழகுங்கள். முதல் பத்துப் பதிவுகளைக் கேட்டால், எங்கெல்லாம் நீங்கள் அவசரப்பட்டு குறுக்கே புகுந்தீர்கள் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். 'ஆமாவா, இல்லையா' என்று முடியும் கேள்விகளைக் குறைத்து, 'அப்புறம் என்ன ஆச்சு' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதியை எதையாவது சொல்லி நிரப்பத் துடிக்கும் நாக்கை அடக்குவதற்கு மாதங்கள் ஆகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013இல் ஹார்வர்டு பட்டமளிப்பு விழாவில் பேசியபோது ஓப்ரா ஓர் அனுபவத்தைக் கூறினார். ஏறத்தாழ 35,000 பேரைப் பேட்டி எடுத்த தம்மிடம், ஒளிப்பதிவு முடிந்தவுடன், அதிபர்கள் முதல் புகழ்பெற்ற பாடகர்கள் வரை, குற்றவாளி முதல் குற்றத்துக்கு ஆளானவர் வரை, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்களாம்: நான் பேசியது சரியாக இருந்ததா?

அதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன், வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காகக் குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீட்டில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவைப் பேட்டி கண்டேன். அட்டைக்கடி, பனிக்காலத்து விரல் விறைப்பு, எடை போடுமிடத்தில் பட்ட பேச்சு, பிறந்த மூன்றாம் மாதம் இறந்த மகன் என்று அவர் ஒரு மணி நேரம் பேசினார். ஒலிப்பதிவுக் கருவியை நிறுத்தியதும், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் சரியாப் பேசினேனாம்மா?" என்று கேட்டார். கடைசிப் பேருந்து போய்விடும் என்ற பதற்றத்தில், கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "சரிதான், சரிதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். வாசல் வரை வந்தவர் கையில் எனக்காக ஊற்றிய தேநீர் அப்படியே இருந்தது. நிகழ்ச்சி எந்த நாளில் ஒலிபரப்பாகும் என்றுகூட அவரிடம் நான் சொல்லவில்லை.

நீங்கள் பதிவை நிறுத்திய பிறகு அரைமணி நேரமாவது அங்கேயே உட்கார்ந்திருங்கள். கொடுக்கும் தேநீரைக் குடியுங்கள். ஒலிபரப்பு நாளைத் தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.